மூன்றாவது விசில்

அதியமான்கோட்டை
3-4-1967

அன்புள்ள லூர்துக்கு,

மாதா புண்ணியத்தில் நான் உயிரோடு இருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

ஈஸ்டர் அன்று உன் தாய்வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவன், இன்றுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் அண்ணன் இன்னாசிராஜ் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். பாகிஸ்தான் சண்டையில் குண்டு எங்கே விழுந்தது, தான் எங்கே படுத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நீ சொல்கிறாய்: "எங்க வூட்டுக்காரரு பொழுது விழுந்தா நான் தொணைக்கு நிக்காம கொல்லப்பக்கம் போக மாட்டாருங்க." மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். நீ சொன்னது பொய்யாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். உண்மையாகப் போய்விட்டதே, அதுதான் என் வருத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் மலை இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள்ளேயே அஞ்செட்டி வரைக்கும் ரோடு அமுக்கும் உருளை எஞ்சினைக் கொண்டுபோக வேண்டும். அங்கே புது ரோடு போடுகிறார்கள். யார் போகிறீர்கள் என்று ஓவர்சியர் கேட்டார். டிரைவர்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். மற்ற இருவரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கியபிறகு அது என் கைதானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அஞ்செட்டி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் தினக்கூலிப் பட்டியலிலிருந்து எடுத்து நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார். ஆனால் நான் கை தூக்கியது அதற்காக இல்லை என்று உனக்குத் தெரியும்.

என் எஞ்சினின் வேகமும் உனக்குத் தெரியும். ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி நடந்தால் அதை முந்திப் போய்விடுவார். வழியெல்லாம் யானைக்காடு.

நீ வந்து வழியனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

மதலைமுத்து

*

கம்பைநல்லூர்
6-4-1967

என்னங்க,

வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல வராத மனிதருக்குக் கையை மட்டும் தூக்க எப்படி வந்தது?

நான் சொன்னது சிரிப்புக்கு. புருஷனைக் கிண்டல் செய்யாமல் போகிற வருகிறவனையா கிண்டல் செய்வாள் ஒருத்தி? நீங்களும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். என் புளிக்குழம்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், என் மூக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நான் பின்னாலேயே ஓடிவரவில்லை என்பது உங்கள் கோபம். எனக்கு மட்டும் கோபம் இருக்காதா?

அதற்காகக் காட்டுக்குப் போகிறேன் என்று கை தூக்குவார்களா?

நாளைக்கே ஓவர்சியரிடம் போய் வயிற்றுவலி என்று சொல்லுங்கள். நீங்கள் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நிஜமாகவே வயிறு வலிக்கிற மாதிரி எதையாவது தின்றுவிட்டுப் போங்கள்.

அண்ணனிடம் அந்தக் காட்டைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பார், அந்தச் சிரிப்பைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கையில துப்பாக்கி இருந்தாலே அந்த வழியில நான் ஒத்தையில போக மாட்டேன் புள்ள. இவுரு அந்த உருளைய ஓட்டிக்கிட்டா போறாரு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் சிரிக்காமல் போனது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நீங்கள் போனால் நான் அதியமான்கோட்டைக்குத் திரும்பி வரமாட்டேன். இது சத்தியம். மாதாமேல் சத்தியம் செய்யக்கூடாது என்பதால் சும்மா சத்தியம்.

எழுதும்போதே கை வேர்க்கிறது. மை கலைந்திருந்தால் அதனால்தான். அழுதேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

லூர்தம்மாள்

*

பென்னாகரம்
10-4-1967

லூர்து,

உன் கடிதம் கிடைத்தது. மை கலைந்துதான் இருந்தது.

நீ சொன்னபடியே செய்தேன். பச்சை மாங்காய் தின்று, மேலே மோர் குடித்துவிட்டு ஓவர்சியரிடம் போய் நின்றேன். வயிறு வலிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. அவர் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, "பயப்படாதப்பா, ஆண்டி கூட வர்றான்ல" என்றார்.

ஆண்டி என் பயர்மேன். இந்த எஞ்சின் இரண்டு பேர் வேலை. நான் ஓட்டுவேன். அவன் அடுப்பில் கரியும் விறகும் தள்ளுவான், வழியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவான், இறக்கத்தில் இறங்கி ஓடி உருளைக்கு முன்னால் கட்டை வைப்பான். இறக்கம்தான் பெரிய கண்டம். எஞ்சின் முன்பக்கம் சாய்ந்தால் பாய்லரில் இருக்கிற தண்ணீர் முன்னால் ஓடிவிடும். அடுப்பு இருப்பது பின்னால். தண்ணீர் குறைவாக இருந்தால் அடுப்புக்கு மேலே இரும்பு காய்ந்துபோய்ப் பாய்லர் வெடித்துவிடும். ஒகேனக்கல் மலை முழுக்க இறக்கம் என்று உனக்குத் தெரியும்.

இன்று செக்போஸ்ட் வரைக்கும் நடந்துபோய் வழியைப் பார்த்து வந்தேன். குப்புராஜ் என்று ஒரு காட்டிலாகா கார்டு இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பேச்சுத்தான் நெஞ்சில் கல்லை வைக்கிறது. "குட்டி போட்ட யானை ஒண்ணு கீழ சுத்திக்கிட்டு இருக்குதுங்க. போன மாசம் கரி சுடறவன் ஒருத்தன அடிச்சுப் போட்டுருச்சு. நீங்க பாட்டுக்குப் போங்க, ஒண்ணும் பண்ணாது. விசில் மட்டும் ஊதிப்புடாதீங்க. சத்தம் கேட்டா நேரா வந்துரும்" என்றார்.

விசில் ஊதக்கூடாதாம். என் வழக்கம் உனக்குத் தெரியுமே. சாமியார் இந்த எஞ்சினை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த நாளிலிருந்து, மூன்று விசில் ஊதாமல் அதை நான் நகர்த்தியதே இல்லை. பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவியான இஸ்பிரீத்து சாந்துவுக்கு ஒன்று. அது இல்லாமல் காட்டுக்குள் இறங்குவதை நினைத்தால், யானையைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பாய்லரைக் கழுவுகிறார்கள். பதின்மூன்றாம் தேதி கிளம்ப வேண்டும்.

மடித்த காகிதத்தை மறுபடி பிரித்து எழுதுகிறேன். குப்புராஜ் சொன்னதை ஆண்டியும் கேட்டுக்கொண்டிருந்தான். பீடி வாங்கி வருகிறேன் என்று போனவன் பொழுது சாய்ந்தும் வரவில்லை. அவன் துணிமூட்டையையும் காணவில்லை. கிளம்புவதற்குள் வேறு ஆள் வருவான் என்று ஓவர்சியர் சொல்கிறார். வருவான் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில் போட்டால் செக்போஸ்ட் குப்புராஜ் மேல்பார்வைக்குப் போடு.

மதலைமுத்து

*

கம்பைநல்லூர்
12-4-1967

என்னங்க,

ஆண்டி ஓடிப்போனதைப் படித்தேன். அவன் பெண்டாட்டி புண்ணியம் செய்தவள்.

வேறு ஆள் வராமல் எஞ்சினைத் தொடாதீர்கள். ஓவர்சியர் என்ன சொன்னாலும் தொடாதீர்கள். அவர் இனிக்க இனிக்கப் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள். தலையை ஆட்டாமல் நிற்க ஒரு வழி சொல்கிறேன். தரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த ஆளை யாரும் தூக்கி எஞ்சின்மேல் வைக்க முடியாது.

நிரந்தரம் நமக்கு வேண்டாம். கூலி வேலையே போதும். கோபம் எல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது, பயம்தான் மிச்சம். நேற்று ஜெபமாலை சொல்லும்போது அம்மா உங்கள் பெயரைச் சேர்த்தார். செத்தவர்களுக்காகச் சொல்கிற இடத்தில் தவறிச் சேர்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

போனால் திரும்பி வரமாட்டேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். நாளை கழித்து நான் பஸ் ஏறி வருகிறேன், அல்லது நீங்கள் வாருங்கள்.

இந்தக் கடிதம் நீங்கள் கிளம்புவதற்குள் வந்துவிட வேண்டும். தபால்காரர் வந்துவிடும் என்கிறார். அவருக்கு என்ன, எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்.

லூர்து

*

காட்டுவழி, சாயங்காலம்
13-4-1967

லூர்து,

முதலில் இதைப் படி: எனக்குக் கை, கால், கண் எல்லாம் இருக்கிறது. இனி மீதியைப் படிக்கலாம்.

பக்கத்தில் ஒரு மூங்கில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜாக்கி சறுக்கிக்கொண்டே இருக்கிறது. அது முடியும்வரைக்கும் எனக்கு நேரம். ஓவர்சியர் கொடுத்த காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது, நானும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையில் பயர்மேன் வரவில்லை. ஓவர்சியர் வந்தார். "நீ போய்க்கிட்டே இரு மதலை. ஆளு பின்னாடியே சைக்கிள்ல வந்துருவான். நீ போற வேகத்துக்கு உன்னைப் புடிக்க முடியாதா?" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. உன்னிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. குப்புராஜ் தடையைத் தூக்கினார். விசில் கயிற்றைத் தொடாமல் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். கும்பிடுகூடப் போடாமல் கோயிலுக்குள் நுழைந்தவன் மாதிரி காட்டுக்குள் போனேன்.

முதல் வளைவு திரும்பியதும் பின்னால் ஊர் இல்லை. எஞ்சின் போடுகிற சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. யானை வந்தாலும் கேட்காது, அதுதான் பயம். சத்தம் இல்லாமல் வந்துவிடுமோ என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் பார்க்கும்போது முன்னால் வந்துவிடுமோ என்று முன்னால் திரும்புவேன். கழுத்து இப்போதும் வலிக்கிறது. பயம் வந்தால் யாராக இருந்தாலும் ஓடுவான். எனக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை. பயத்தை மடியில் கட்டிக்கொண்டு நடை வேகத்தில் போக வேண்டும்.

வழியில் யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்தது. எஞ்சினை ஒதுக்க இடமில்லாமல் உருளை அதன்மேலேயே ஏறித் தட்டையாக்கிவிட்டுப் போனது. என் வேலை அதுதானே, மன்னித்துக்கொள் தாயே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சைக்கிளில் வருவான் என்ற ஆள் வரவே இல்லை.

உச்சி வெயிலில் ஒரு ஓடைப் பாலம் வந்தது. இறக்கம் தொடங்குமுன் தண்ணீர் நிரப்பியே ஆக வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். காடே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும்தான் தண்ணீர். எனக்குத் தெரிகிற தண்ணீர் யானைக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாளிக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லிக்கொண்டு ஏறி இறங்கினேன். ஓடைக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு குச்சி ஒடிந்தது. அவ்வளவுதான், வாளியைப் போட்டது தெரியாமல் போட்டுவிட்டு எஞ்சினுக்கு ஓடிவந்தேன். அது மயிலாக இருக்கலாம், குரங்காக இருக்கலாம். திரும்ப இறங்கிப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. பாய்லரின் அளவுக் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதாது என்று தெரிந்துதான் சொல்லிக்கொண்டேன்.

பாதி மலையில் ஒரு வளைவு. எஞ்சின் என்னை மீறி இழுத்தது. நிறுத்தி, இறங்கி, ஆண்டி செய்கிற வேலையை நானே செய்து உருளைக்கு முன்னால் கட்டை வைத்தேன். அதுவரைக்கும் நல்லபடியாக வந்துவிட்டோமே என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மனம் கொஞ்சம் லேசானது. லூர்து, அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது. கட்டையை எடுக்குமுன் ஏறி எஞ்சினைத் தயார் செய்தேன். எத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்துவிட்டது. பிதா. சுதன். இரண்டு ஊதியபிறகுதான் குப்புராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த மனசு வரவில்லை. இரண்டு பேருக்கு ஊதிவிட்டு இஸ்பிரீத்து சாந்துவை எப்படி விடுவது? இந்தக் காட்டில் அவர் ஒருவரையும் பகைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மூன்றாவதையும் ஊதினேன். பயத்தில் கை பிடித்துக்கொண்டதால் அது நீளமாகவே ஊதியது.

கீழே மூங்கில் ஒடிந்தது. ஒன்று இல்லை, வரிசையாக. முதலில் ரோட்டுக்கு வந்தது குட்டி. எருமைக்கன்று அளவுக்குத்தான் இருக்கும். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் போனது. குட்டி தனியாக வராது.

ஓடினேன். ரோட்டோரம் ஆள் உயரத்துக்குமேல் ஒரு பாறை, எப்படி ஏறினேன் என்று கேட்காதே. முழங்கால் இரண்டும் உரிந்திருக்கிறது. மேலே குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். தாய் வந்தது. எஞ்சினைச் சுற்றி வந்தது. தும்பிக்கையைப் பாய்லரில் வைத்தது. சுட்டது. அது போட்ட சத்தத்தை நான் சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். தலையால் முட்டி மேல்கூரைத் தகரத்தைப் பிய்த்து எறிந்தது. கட்டையை நான் எடுக்காமல் விட்டதால் எஞ்சின் உருளவில்லை. பிறகு அது ரோட்டோரம் போய் நின்றுகொண்டது. போகவில்லை, நின்றது.

அப்போதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் இறக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. தண்ணீர் குறைவு. நான் பாறையில் படுத்திருந்தால் பாய்லர் வெடிக்கும். யானையும் குட்டியும் நானும், அந்த நேரத்துக்கு வழியில் எவன் வருகிறானோ அவனும் சேர்ந்து போவோம். இறங்கினால் யானை. எனக்கு இரண்டின்மேலும் பயம்தான். யானையாவது நின்றுகொண்டிருந்தது, பாய்லர் நிற்காது.

இறங்கினேன். தைரியத்தில் இறங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பின்பக்கமாகத் தவழ்ந்துபோய் அடுப்புக் கதவைத் திறந்து நெருப்பை வாரி ரோட்டில் கொட்டினேன். சத்தமாக அழுதுகொண்டே வாரினேன். காக்கி நிஜாரை நனைத்துவிட்டேன், இதை மச்சானுக்குப் படித்துக் காட்டாதே. யானை திரும்பி என்னைப் பார்த்தது. புகை அதன் பக்கமாகப் போனது. குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. என்னைக் கண்டு பயந்து போகவில்லை, இவனோடு என்ன என்று போனது.

இப்போது எஞ்சின் செத்த எஞ்சின். மறுபடி நெருப்புப் போட்டுக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். மூங்கில் வெட்டுகிற கூப்பிலிருந்து ஏற்றிவந்த லாரிதான் இது. டிரைவர் கவுஸ் பாஷா பாய் என் கோலத்தைப் பார்த்தார். "ஏறுங்கண்ணே, பென்னாகரத்துல எறக்கி வுடறேன்" என்றார்.

ஏறிவிடப் போகிறேன். ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது, இன்னும் இருக்கிற நாட்களுக்கு வேறு எவனாவது வரட்டும். வேலை போனால் போகட்டும். நேராகக் கம்பைநல்லூர் வந்து, எல்லார் முன்னாலும் நான் பயந்தாங்கொள்ளிதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஜாக்கியை இறக்கிவிட்டார்கள். இந்தக் காகிதத்தை என் கையாலேயே உன்னிடம் கொடுப்பேன். தபாலில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத நேரமில்லை, ஹாரன் அடிக்கிறார்.

மதலைமுத்து

*

செக்போஸ்ட், பென்னாகரம் ரோடு
18-4-1967

என்னங்க,

கடிதம் தபாலில் வந்தது.

நேற்றுத் தபால்காரர் நீட்டியதும் உங்கள் எழுத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் வாங்கினேன். கடைசி வரியைப் படித்ததும் மாற்றுப்புடவையை எடுத்துப் பையில் வைத்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமையே பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். அம்மாவிடம் சொல்லிவிட்டு இன்று விடியற்காலையில் தனியாகப் பஸ் ஏறினேன். தர்மபுரியில் மாறிப் பென்னாகரம் வந்து, அங்கிருந்து செக்போஸ்டுக்கு வந்தேன். நான் பன்னிரண்டாம் தேதி எழுதியது இங்கே குப்புராஜ் அண்ணனின் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. நீங்கள் போனபிறகு வந்ததாம்.

கவுஸ் பாஷா பாயைப் பார்த்தேன். மதியம் லோடு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க வூட்டுக்காரரு லாரியில ஏறி உக்காந்துட்டாருங்கம்மா. வளைவு தாண்டுனதும் திரும்பிப் பாத்தாரு. மேல இருந்து பாத்தா எஞ்சின் தெரியல, வளைவு மறைச்சுக்கிச்சு. 'நிறுத்துங்க பாய், இருட்டுல மேல இருந்து வர்ற வண்டிக்கு இது தெரியாது, வந்து மோதிரும்'னாரு. அடையாளத்துக்கு ரோட்டுல தழ ஒடிச்சுப் போட்டுட்டு வாங்கண்ணேன்னு சொன்னேன். தழ இருட்டுல தெரியாதுன்னாரு. எஞ்சின்ல லாந்தர் இருக்குது, பொழுது சாஞ்சா கொளுத்தி மாட்டணும்னாரு. காயிதத்த என் கையில குடுத்து தபால்ல போடச் சொல்லிட்டு எறங்கிட்டாரும்மா. அழுதுக்கிட்டேதான் எறங்குனாரு."

அழுதுகொண்டே இறங்கினாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வாரத்தில் வேறு பயர்மேன் வருவாராம். அதுவரைக்கும் நீங்கள் எஞ்சினுக்குக் காவல் இருக்க வேண்டுமாம், அரசாங்கச் சொத்தாம். "அரசாங்கத்துக்கு எஞ்சின் சொத்து, எனக்கு அவருதாங்க சொத்து" என்று சொன்னேன். சோடா வாங்கித் தரச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

பாய் மறுநாளிலிருந்து நேற்று வரை தினமும் உங்களுக்குச் சோறு கொடுத்தாராம். பாறைமேல் உட்கார்ந்திருந்தீர்களாம், பேச்சு சரியாக வரவில்லையாம். இன்று காலை அவர் அந்த வழியாக வரும்போது பாறையில் ஆள் இல்லை. ஹாரன் அடித்தும் குரல் வரவில்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் லாந்தர் மட்டும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்ததாம். இதைச் சொல்லும்போது பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நீங்கள்தானே அதைக் கொளுத்தியிருக்க வேண்டும். அதனால் நேற்றுச் சாயங்காலம் வரை இருந்தீர்கள். அதற்குமேல் என் புத்தி போக மறுக்கிறது. பாறைக்குப் பின்னால் எங்கேயாவது பதுங்கி, ஹாரனுக்கும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் அப்படிப்பட்டவர்தானே.

இரண்டு விசிலோடு நிறுத்தியிருந்தால் இஸ்பிரீத்து சாந்து உங்கள்மேல் கேஸா போட்டிருப்பார்? அவருக்காக ஊதினீர்கள், இப்போது அவர் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே வந்ததிலிருந்து அவரிடம் அதைத்தான் சண்டைபோட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குப்புராஜ் அண்ணன் என்னைக் காட்டுக்குள் விட முடியாது என்றார். "பொம்பளைய உள்ள வுட எனக்கு ஆர்டர் இல்லீங்கம்மா." "ஆம்பளைய ஒத்தையில வுட ஆர்டர் இருக்குதாங்க?" என்று கேட்டேன். போய் ஒரு லாரிக்குத் தடைக்கட்டையைத் தூக்கினார். திரும்பி வந்து, காலையில் பாய் லாரியில் முன்சீட்டில் போகலாம் என்றார். இப்போது கிளம்புகிற லாரியில் கூப்பு ஆட்கள் நிறைய, எனக்கு இடமில்லை. இந்தக் கடிதம் மட்டும் அதில் வருகிறது. எஞ்சின் நிற்கிற இடத்தில் நிறுத்தி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் குரல் கொடுங்கள். குரல் வராவிட்டால் ஒரு கல்லையாவது உருட்டிவிடுங்கள்.

எஞ்சினுக்கு என்ன வேண்டும்? அடுப்பில் விறகு தள்ள, தண்ணீர் மொள்ள, சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒரு ஆள். கல்யாணமான நாளிலிருந்து ஈர விறகை ஊதித்தானே உங்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு வரும். அஞ்செட்டிக்குப் போவதா, எஞ்சினை அங்கேயே விட்டு வீட்டுக்கு வருவதா என்பதைப் பாறைமேல் உட்கார்ந்து இரண்டு பேருமாக முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்கும் பயம்தான். உங்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே மூங்கிலில் காற்று அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. காலையில் அந்த லாரியில் எப்படி ஏறப்போகிறேன் என்று தெரியவில்லை. ஏறிவிடுவேன்.

இன்றைக்கு நீங்கள் லாந்தர் கொளுத்த இறங்க வேண்டாம். இந்த வழியாகப் போகிற ஒவ்வொரு லாரியையும் மதியத்திலிருந்து நானே நிறுத்தி, வளைவில் எஞ்சின் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொழுது விழுந்தாலும் தடைக்கட்டை பக்கத்திலேயே நின்று சொல்வேன். எவனும் மோத மாட்டான். நீங்கள் பதுங்கின இடத்திலேயே பதுங்கி இருங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நான் வந்து சேரும்வரைக்கும் தைரியமாக எதையும் செய்துவிடாதீர்கள்.

லூர்து